பெரியம்மாவின் கண்புரை ஆபரேஷன்: முகாம் முதல் மறுபரிசோதனை வரை

பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. பெரியப்பா போனபிறகு தனியாக இருப்பவர். நூறு நாள் வேலைக்குப் போவது நின்றுபோய், ரேஷன் கடைக்குக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போய்வந்தார். ஆபரேஷன் இலவசம் என்பது அவருக்கும் தெரியும். "என்னைய யாரு தாயி கூட்டிட்டுப் போவா? அங்கன யாரு கூட இருப்பா?" என்பதுதான் அவர் கேள்வி. கூடப் போகிறவருக்கு அன்றாடக் கூலி போகும், இரண்டு பேருக்குப் பஸ், சாப்பாடு, வீட்டில் ஆடு. இப்படிப்பட்ட சில்லறைத் தடைகள்தான் ஏழைகளைப் பார்வையில்லாமல் உட்கார வைத்திருக்கின்றன. தனியாக இருக்கும் பெண்களுக்கு இன்னும் மோசம். ஆம்பளைக்குப் புரை என்றால் மனைவியோ மகளோ கூடப் போய்விடுகிறார்கள், இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் என்று நோட்டீஸ் வந்தது. லென்ஸ், தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்று போட்டிருந்தார்கள். ஆதார் நகல், ஒரு போன் நம்பர், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, இரண்டு மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டோம். அன்றைக்கே பஸ் ஏற வேண்டியிருக்கும் என்பதால் துணிப்பை முக்கியம்.

வகுப்பறைக்கு ஒரு பரிசோதனை. முதலில் பதிவு, பிறகு பார்வை அளவு. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'E' வடிவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்கிறார்கள். பெரியம்மாவால் விரலை மட்டும்தான் எண்ண முடிந்தது. அடுத்துக் கண்ணின் நீர் அழுத்தம், கண்ணீர்ப் பாதை அடைப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களை அன்று ஏற்றவில்லை, மருந்து எடுத்துக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அதிக சர்க்கரையோடு ஆபரேஷன் செய்தால் புண் ஆறுவதும் கிருமித் தொற்றும் பெரிய தொல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஆலோசனை சொன்ன பெண்தான். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊசி எங்கே போடுவார்கள், எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "கண்ணை வெளிய எடுத்து வச்சிருவாகளாமே?" என்று பெரியம்மா கேட்டதற்குச் சிரிக்காமல், கண் அங்கேயே இருக்கும், உள்ளே மங்கிப்போன லென்ஸை மட்டும் எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள் என்று விளக்கினார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து இந்த வேலைகளுக்கு வைத்திருக்கிறார்கள். நம்ம பேச்சு அவர்களுக்குத் தெரிகிறது, பயம் பாதி அங்கேயே போய்விடுகிறது.

துணைக்கு ஆள் தேவையில்லை, எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப்போய் அதே இடத்தில் திரும்பவும் இறக்கிவிடுவோம் என்று சொன்னதும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கேள்விக்குக் கிடைத்த பதில் அது. ஆட்டை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஏற்றிவிட்டேன். ஊரிலிருந்து போன பெண்கள் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருந்ததால் துணை தானாக அமைந்தது.

ஆபரேஷன் கண் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னக் கீறல் வழியாகச் செய்வது, தையல் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது என்றார் பெரியம்மா. இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசு வேலையில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை தருகிறார்கள். வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸை இங்கேயே தயாரித்தார்கள். அதற்கு முன் லென்ஸ் வைக்காமல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு அலைந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனம் வேண்டும். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடணும், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு. தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. விறகடுப்புப் புகை ஆகாது என்பதால் எங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு போனது. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ மறுபரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே போகச் சொல்லியிருந்தார்கள்.

அதே முகாமில் எங்கள் தெரு முதியவர் ஒருவருக்கு கண் நீர் அழுத்த நோயால் (கிளாக்கோமா) பார்வை நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து. இப்படிப்பட்டவர்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் கண் மருத்துவரிடம் பரிசோதித்து மாற்றுத்திறனாளி சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் (UDID) வாங்க வேண்டும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். விண்ணப்பம் இணையத்தில், அவர் மகனுக்கு நான் கூட இருந்து போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் மறுபரிசோதனை. கிட்டப் பார்க்கக் கண்ணாடி கொடுத்தார்கள். பெரியம்மா இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறார், ரேஷனுக்குத் தனியாகப் போகிறார். அடுத்த கண்ணுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். இந்த முறை மேலத்தெருவில் தனியாக இருக்கும் இரண்டு பேரையும் கூட்டிவருவதாக அவரே சொல்லியிருக்கிறார்.