எப்போதும் தலை விழும் காசு

இரண்டு நாளாக மனசில் ஒரு காசு சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1999-இல் கணிதவியலர் டேவிட் மேயர் முன்வைத்த ஆட்டம் அது. பெட்டிக்குள் தலை மேலே இருக்கும் காசு. முதல் ஆள், இரண்டாம் ஆள், மறுபடி முதல் ஆள் என்று பார்க்காமலே திருப்பலாம், திருப்பாமலும் விடலாம். கடைசியில் தலை என்றால் முதல் ஆளுக்கு வெற்றி.

சாதாரணக் காசென்றால் பாதிக்குப் பாதிதான். நுண்துகள்களைப் போல இரண்டு நிலைகளும் ஒன்றாகக் கலந்து இருக்கக்கூடிய குவாண்டம் காசு என்றால்? முதல் ஆள் அதைத் தலையும் பூவும் சரிசமமாகக் கலந்த நிலையில் வைத்துவிடுகிறார். அதை எதிராளி திருப்பினாலும் அதே நிலைதான்! அப்புறம் கலப்பை நீக்கினால் தலை, ஒவ்வொரு முறையும்.

இரண்டாம் ஆளுக்கும் இப்படிக் கலக்கும் குவாண்டம் நகர்த்தல் கிடைத்தால் இந்த உறுதி போய்விடும், சரிதான். ஆனாலும் போட்டிகளில் யார் எப்படி முடிவெடுப்பது என்று ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் எந்தெந்த நகர்த்தல்கள் சாத்தியம் என்பதை இயற்பியலும் தீர்மானிக்கிறது என்று புரிந்தபோது சிலிர்த்துவிட்டது.