பதினெட்டு நாள் குறைவு

ஆத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் கப்பலிலிருந்து இறங்கி தேவகோட்டைக்கு வந்தவன், அப்புறம் ஓடு மாற்றுவது, பங்காளிகளோடு வளவு வீட்டுப் பங்கு பேசுவது என்று இங்கேயே தங்கிவிட்டேன். போன வாரம் ஒரு கம்பெனியில் வேலை இருக்கிறது, சர்டிபிகேட் காப்பி அனுப்புங்கள் என்றார்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்தால், கப்பல் ஓட்டும் அதிகாரிக்கான செகண்ட் மேட் சர்டிபிகேட் காலாவதியாகி நாலு மாதம்.

"மறுபடி பரீட்சையா?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. அது கிடையாது, பாஸ் செய்தது செய்ததுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கும்போது கப்பல் துறைக்காரர்கள் பார்ப்பது, நீ கடலில் இருந்தாயா என்பதைத்தான். கடைசி ஐந்து வருடத்தில் 12 மாதம், இல்லாவிட்டால் கடைசி ஆறு மாதத்தில் 3 மாதம். எனக்கு இரண்டாவது வழி அடைபட்டுவிட்டது.

வீட்டுப் பட்டாலையில், கப்பல் வேலைப் பதிவுப் புத்தகமான சிடிசியை விரித்துப்போட்டு, ஏறிய தேதி, இறங்கிய தேதி இரண்டையும் முத்திரை முத்திரையாகப் பார்த்து காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கூட்டினேன். ஒரு முத்திரையில் மை கசிந்து 3 ஆ 8 ஆ என்றே தெரியவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 3 என்று முடிவு செய்தேன். மொத்தம் 11 மாதம் 12 நாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், கணக்கு இன்றிலிருந்து பின்னோக்கிப் போகிறது, நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் பக்கம் ஒரு நாள் கழன்று விழுந்திருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்தால் 12 மாதம் தாராளமாகத் தேறியிருக்கும்.

அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்க மாமனாரு ரங்கூனுக்குக் கொண்டுவிக்க எத்தனை தடவ கப்பல் ஏறுனாரு, ஒருத்தனும் காயிதம் கேக்கலியே" என்றாள். அவர் பயணியாகப் போனார் அப்பத்தா, ஓட்டப் போகவில்லை.

கப்பலில் வழக்கமான ஆட்களுக்கு மேல் ஓர் அதிகப்படி ஆளாக 3 மாதம் ஏறியும் புதுப்பிக்கலாம், ஆனால் அப்படி ஏற்றிக்கொள்ள ஒரு கம்பெனி வேண்டுமே. அதனால் ரிஃப்ரெஷர் கோர்ஸ்தான். தீயணைப்பும் உயிர்காப்புப் பயிற்சியும் ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் அவையும் தனியாக. மெடிக்கல் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், அதுவும் போயிற்று. சிடிசி மட்டும் 10 வருடம் என்பதால் தப்பித்தது.

திங்கட்கிழமை விடிகாலை காரைக்குடியில் சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். ஆத்தா இப்போதே சீப்புச்சீடை டப்பாவைக் கட்டிவைத்துவிட்டாள்.