பார்த்திராத எதிரணிக்கு ஒரு தாள்: மூன்றாம் இரவுக் குறிப்பு

2023 மார்ச் 11, இரவு.

நாட்டு அணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியின் பி பிரிவில் ஜப்பான் அணி 9ஆம் தேதி முதல் 12ஆம் தேதி வரை நான்கு இரவுகள் தொடர்ச்சியாக டோக்கியோ டோம் அரங்கில் ஆடுகிறது. நான்கு எதிரணிகளில் கொரியாவைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சீனா, செக் குடியரசு, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் ஆடி நான் ஒரு முழு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆகவே பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு முடிவு எடுத்தேன். ஒவ்வோர் எதிரணிக்கும் ஒரு தாள். ஆட்டத்துக்கு முன்பே இடப்பக்கத்தில் என்ன நடக்கும் என்று பென்சிலில் எழுதிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வலப்பக்கத்தில் சிவப்பு மையில் நடந்ததை எழுத வேண்டும். பென்சில் எழுத்தை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. மூன்று ஆட்டங்கள் முடிந்துவிட்டன. நாளைய தாளோடு சேர்த்து இதுவரை கற்றதையும் குறித்து வைக்கிறேன்.

சீனாவுக்கான தாளில் நான் நம்பியது பந்தின் வேகத்தை மட்டுமே. அவர்களுடைய பந்தெறிபவர்களின் வேகம் குறைவு, ஜப்பானிய மட்டையாளர்கள் அன்றாடம் அதைவிட வேகமான பந்துகளைச் சந்திப்பவர்கள், ஆகவே ஒன்பது இன்னிங்ஸ்களில் மூன்றாவதற்குள் ஆட்டம் கைக்கு வந்துவிடும் என்று எழுதினேன். இறுதிக் கணக்கு 8-1 என்பதால் என் கணிப்பு பலித்ததாகத் தோன்றலாம். ஆனால் ஆறாவது இன்னிங்ஸில் சீனாவின் லியாங் பெய் ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி) அடித்தபோது கணக்கு 3-1 என்றுதான் இருந்தது. அன்றிரவு ஜப்பானிய வீரர்கள் 15க்கும் மேற்பட்ட முறை மட்டையால் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) போனார்கள்; நான்கு பந்துகள் அடிக்கும் எல்லைக்கு வெளியே போனால் மட்டையாளருக்கு அந்த இடம் இலவசம். முதல் ரன்னே அப்படித்தான் வந்தது: மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, முராகாமிக்கு நான்கு பந்துகள் விலகிச் சென்றன, எல்லோரும் ஒரு பேஸ் நகர்ந்தார்கள். இது பந்தெறிபவரின் பலவீனம்தான். ஆனாலும் அடிக்கத் தகுந்த பந்து எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் மட்டையாளருக்கும் தாளம் தவறுகிறது. பேஸ்களில் ஆள் நிறைந்து நின்றும் ரன் வராத இன்னிங்ஸ்களைப் பார்த்துக்கொண்டே, 'வேகம்' என்ற கட்டத்துக்குக் கீழே 'கட்டுப்பாடு' என்று ஒரு புதிய கட்டம் வரைந்தேன்.

இன்னொரு திருத்தமும் அதே இரவில் வந்தது. இப்போட்டியின் முதல் சுற்றில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 65 பந்துகளே வீசலாம். 50 பந்துகளைத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். சீனாவுக்கு எதிராக, பந்தெறிபவராகவும் மட்டையாளராகவும் ஆடும் ஓதானி நான்கு இன்னிங்ஸ்களில் 49 பந்துகள் வீசி நின்றார். இப்படியொரு விதி இருக்கும்போது, ஆட்டத்தில் முதலில் பந்தெறியத் தொடங்குபவரின் பெயருக்குத் தாளில் பாதி இடம் ஒதுக்குவது வீண். எதிரணியின் இரண்டாம், மூன்றாம் பந்தெறிபவர் யார், அவர்கள் நேற்று எத்தனை பந்து வீசினார்கள் என்பதே முக்கியம். 10ஆம் தேதி கொரியாவை 13-4 என்று வென்ற ஆட்டத்தை இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அதைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய செக் ஆட்டத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த அணியைப் பற்றிப் படிக்கக் கிடைத்தவை பெரும்பாலும் வீரர்களின் வேலைகளைப் பற்றியவை. பயிற்சியாளர் பாவெல் காடிம் நரம்பியல் மருத்துவர். வீரர்களில் தீயணைப்பு வீரர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், மாணவர்கள் இருக்கிறார்கள். இன்று பந்தெறியத் தொடங்கிய ஒன்த்ரே சடோரியா மின்பணியாளர். கடந்த செப்டம்பரில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் நடந்த தகுதிச் சுற்றில் ஸ்பெயினை 3-1 என்று வென்று முதன்முறையாக இப்போட்டிக்குள் வந்தார்கள். நேற்று சீனாவை 8-5 என்று வென்றார்கள், கடைசி இன்னிங்ஸில் மார்ட்டின் முசிக் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னால். இவ்வளவும் என் தாளில் இருந்தது. அதற்குக் கீழே, 'சடோரியாவின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொடாது. முதல் இன்னிங்ஸிலேயே ஜப்பான் முன்னிலை பெறும்' என்றும் இருந்தது.

முன்னிலை பெற்றது செக் அணி. ஜப்பானின் ரோகி சசாகி மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வீசிய நேர்ப்பந்தை மாரெக் க்லுப் இடப்பக்கக் கோட்டையொட்டி இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் இரண்டு பேஸ் அடியாக அடித்தார். அடுத்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) நகானோ முதல் பேஸுக்கு எறிந்த பந்து தவற, க்லுப் ரன் எடுத்துவிட்டார். அவர் அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடியவர் என்பதை என் தாளின் ஓரத்தில் சிறு எழுத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். வேகப்பந்தைப் பார்த்துப் பழகிய கண் அந்த அணியில் யாரிடம் இருக்கிறது என்று தேடி, அந்தப் பெயரை மேலே கொண்டுவந்து அடிக்கோடிட்டிருக்க வேண்டும்.

பிறகு சடோரியா. அவருடைய நேர்ப்பந்து மணிக்கு ஏறக்குறைய 127 கிலோமீட்டர்; அதே கையசைவில் மெதுவாக வரும் சேஞ்ச்அப் ஏறக்குறைய 115. கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களில் வேகத்தைக் குறைத்து வீசும் பந்தைப் பார்த்தவர்களுக்கு இதன் தந்திரம் உடனே புரியும். ஓதானிக்கு அவர் அதை வீசியபோது, ஓதானியின் முன்கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, மட்டை கிளம்பிவிட்ட பிறகும் பந்து வந்து சேரவில்லை. வந்தபோது கீழிறங்கிப் பிடிப்பாளரின் கையுறைக்குள் போய்விட்டது. ஸ்ட்ரைக் அவுட்: மூன்றாவது ஸ்ட்ரைக்கோடு ஆட்டமிழப்பு. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு மறுகாட்சியை மூன்று முறை பார்த்தேன். உலகின் மிகச் சிறந்த மட்டையாளரானாலும், ஒருவரின் பந்தை வாழ்நாளில் முதன்முறையாகச் சந்திக்கும்போது சாதகம் எறிபவர் பக்கமே. மட்டையாளர் வரிசை மறுபடி சுற்றி வரும்போது அந்தச் சாதகம் தேய்கிறது: மூன்றாவது இன்னிங்ஸில் யோஷிடாவின் இரண்டு ரன் தந்த இரண்டு பேஸ் அடியோடு ஜப்பான் முந்தியது, இறுதியில் 10-2 என்று வென்றது. எனவே ஒவ்வொரு பந்தெறிபவருக்கும் 'முதல் சுற்று', 'இரண்டாம் சுற்று' என்று தனித்தனிக் கணிப்பு எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

தாளில் எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒன்றையும் இங்கே எழுத விரும்புகிறேன். இன்று 2011 நிலநடுக்கத்தின் பன்னிரண்டாம் நினைவு நாள். ரிகுசென்தகாதாவில் பிறந்த சசாகி அந்த ஆழிப்பேரலையில் தந்தையை இழந்தவர். அவர் வீசிய 162 கிலோமீட்டர் பந்து செக் வீரர் வில்லி எஸ்கலாவின் முழங்காலில் பட்டு, எஸ்கலா விழுந்து, சற்று நேரம் கழித்து எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட ஓடியும் காட்டினார். சசாகி தொப்பியைக் கழற்றித் தலை வணங்கினார். அரங்கம் முழுவதும் கை தட்டியது.

நாளை ஆஸ்திரேலியா, ஜப்பானுக்குத் தொடங்குபவர் யமமோட்டோ. இந்தத் தாளை வேறு விதமாக எழுதியிருக்கிறேன். அந்நாட்டு லீக் பிப்ரவரியில்தான் முடிந்தது. ஜப்பானிய லீக் இன்னும் தொடங்கவே இல்லை. ஆகவே ஆட்டப் பழக்கம் அவர்களுக்கே அதிகம். கொரியாவை 8-7 என்று வீழ்த்திய ஆட்டத்தில் கிளெண்டினிங், பெர்கின்ஸ் இருவரும் ஆளுக்கொரு மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார்கள். டோமின் இடைப்பகுதி வேலி 110 மீட்டரே என்பதால் அத்தகைய அடி நாளையும் வேலியைத் தாண்டும். பயிற்சியாளர் டேவிட் நில்சன், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் மட்சுசாகா பந்து வீசிய ஜப்பானை 1-0 என்று வென்ற அணியில் ஆடியவர். பந்தெறிபவர்களின் கட்டங்களை, இன்று நண்பகல் சீனாவை அவர்கள் 12-2 என்று வென்ற ஆட்டத்தில் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்று பார்த்து நிரப்பினேன். பென்சிலில் கடைசி வரி: வெற்றி ஜப்பானுக்கே, ஆனால் மட்டையாளர் வரிசையின் முதல் சுற்றில் இரண்டு ரன்னுக்கு மேல் வராது.