ஹீலிங் பிரஷ்

போட்டோஷாப்பில் 'ஜே' எழுத்தைத் தட்டினால் ஒரு பிரஷ் வரும். அதற்கு அடையாளமாகப் பிளாஸ்திரி படம் போட்டிருப்பார்கள். பெயர் ஹீலிங் பிரஷ். 2002இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் அதை முதலில் சேர்த்தார்கள். காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் டச்சப் வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணன் (முதலாளியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். "பரு, மச்சம், தழும்பு எதுவும் கண்ணுல படக்கூடாது தங்கச்சி. டச்சப் பண்ணுனதும் தெரியக்கூடாது." பதினாறு வருஷத்தில் என் கீபோர்டில் முதலில் எழுத்து அழிந்துபோன பட்டன் ஜே.

39 வயதில் இடது மார்பில் கட்டி. மதுரையில் வைத்து மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். கீமோ, முடி கொட்டியது, வாய்ப்புண். அதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு கானாடுகாத்தானில் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை வீடு என்றால் அத்தையுடையது இல்லை. செட்டியார் வீடு ஒன்றுக்கு அத்தைதான் காவல். பங்காளிகள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அத்தை, சாவிக்கொத்து, புறாக்கள்.

அக்குளில் கத்தி வைத்தால் கை லேசில் மேலே எழும்பாது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பூச்சி ஏறுவதுபோல் மேலே மேலே ஏற்ற வேண்டும் என்று பிசியோதெரபி செய்த பெண் சொல்லி அனுப்பியிருந்தார். தினமும் எவ்வளவு உயரம் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளவும் சொன்னார். அவருக்குச் செட்டிநாட்டுச் சுவர் தெரியாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர். விரல் வழுக்கிக்கொண்டு கீழே வரும். பென்சில் கோடு போட்டால் அத்தை என்னை ஊருக்கே அனுப்பிவிடுவாள். அதனால் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டினோம். பென்சில் பிடிக்கவும் கை நடுங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கேம்லின் வாட்டர்கலர் பெட்டியை வாங்கி, விரல் நுனியில் நிறத்தைத் தொட்டு, ஏறின இடத்தில் ஒற்றினேன்.

முதல் வாரம் தோளுக்குக் கீழேயே நாலைந்து நீலப் பொட்டு. மூன்றாம் வாரம் அந்தச் சார்ட்டைப் பார்த்தபோது கொடி படர்வதுபோல் இருந்தது. இலை போட்டேன். அப்புறம் அதன் மேல் ஒரு புறா. நன்றாக வரவில்லை, கோழி மாதிரி இருந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் எனக்கு நோய் ஞாபகமே வரவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது.

அமெரிக்காவில் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 2016இல் 39 பேரை 45 நிமிடம் ஏதாவது வரையவும் செய்யவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசமே இல்லையாம். என் கோழிக்கு அது ஆறுதல். ஓவியம் புற்றுநோயைக் குணப்படுத்தியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை மருந்தும் கத்தியும்தான் பார்த்துக்கொண்டன.

கண்ணாடியில் மட்டும் என்னைப் பார்க்க முடியவில்லை. ஏழு மாதமாகப் பார்க்காமலே குளித்தேன். அந்தச் சமயத்தில்தான் ஜோ ஸ்பென்ஸ் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரரைப் பற்றிப் படித்தேன். 1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்னால் தன் மார்பின் மேலேயே 'இது ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?' என்ற அர்த்தத்தில் எழுதிப் படம் எடுத்திருக்கிறார். சொத்து, பங்கு, பாத்தியதை என்றால் என்னவென்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன்.

மறுநாள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், டிரைபாடை வைத்தேன். "கதவச் சாத்திக்க. யாரும் வந்தாகன்னா நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அத்தை முகப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாலு மணி வெயில் தூண்களுக்கு நடுவே சாய்வாக விழும். டைமரைப் பத்து விநாடிக்கு வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார வேண்டும். முதலில் முதுகு. அப்புறம் பக்கவாட்டு. கடைசியில்தான் நேராகத் திரும்பினேன். எத்தனையோ மணப்பெண்களிடம் "தோளை இறக்குங்க, மூச்சை விடுங்க" என்று சொன்னவள், அதை எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

லேப்டாப்பில் படத்தைத் திறந்ததும் என் விரல் தானாக ஜே-க்குப் போனது. பழக்கம். அரை நிமிடம்கூட ஆகவில்லை, தழும்பு போய்விட்டது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் ஊற்றுவார்கள். காய்ந்து பிரித்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லோடு வந்துவிடும். என் நெஞ்சு அப்படி இருந்தது, வேறு எதிலிருந்தோ ஒட்டிக்கொண்ட வழவழப்போடு. கண்ட்ரோல் இசட், கண்ட்ரோல் இசட். தழும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

அதைப் பார்த்துத்தான் வரைய ஆரம்பித்தேன். தழும்பு சிவப்பு என்று நினைத்திருந்தேன். சிவப்பு வைத்தால் பொய்யாக இருந்தது. நடுவில் பழுப்பு, ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், தையல் போட்ட இடங்களில் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கு. அந்த மினுக்கு எந்த நிறத்திலும் வரவில்லை. தாளை வெறுமனே விட்டால்தான் வரும் என்பது நாலாவது படத்தில்தான் புரிந்தது. அந்த நாலு படத்துக்குள் எப்போது என்று தெரியவில்லை, பயந்து ஒதுக்கிய ஒன்று, எந்த நிறத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்கிற கணக்காக மாறிப்போயிருந்தது.

அத்தையிடம் காட்டினேன். அவள் என் படத்தைப் பார்த்துவிட்டு, முகப்பில் தொங்கிய கைவண்ணம் தீட்டிய பழைய போட்டோவைக் காட்டினாள். "பெரிய ஆச்சிக்கு மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்புன்னு சொல்லுவாக. படத்துல ஒண்ணு இருக்கா பாரு." இல்லை. நெகட்டிவிலேயே பென்சிலால் நிரப்பியிருப்பார்கள். எனக்கு முன்னால் இந்த வேலை செய்த யாரோ, டச்சப் பண்ணினது தெரியாமல் செய்திருந்தார்.

வேலைக்குத் திரும்பி இரண்டு வருஷமாகிறது. ஜே-யைத் தட்டுவதை நிறுத்திவிடவில்லை. அது சம்பளம். ஆனால் இப்போது பருவைக் கேட்காமல் எடுப்பேன், தழும்பைக் கேட்காமல் எடுப்பதில்லை. "ஒரு ஆல்பத்துக்கு இவ்வளவு பேச்சா" என்று அண்ணனுக்கு எரிச்சல்.

போன மாதம் ஒரு கல்யாண ஆல்பம். பெண்ணுக்கு வெண்புள்ளி, கன்னத்திலும் இரண்டு கைகளிலும். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. நான் பெண்ணையே கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முகத்துல எடுத்துருங்கக்கா. கையில இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முகத்தை முடித்துவிட்டுக் கைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருதாணிக் கொடி மணிக்கட்டில் ஆரம்பித்து வெண்புள்ளியைத் தாண்டிப் போயிருந்தது. வெள்ளையாக இருந்த இடத்தில்தான் சிவப்பு நன்றாக எடுப்பாகத் தெரிந்தது.