இரண்டு முதுகுகள், ஒரே மூட்டை

ஏலக்காய் எடுப்பு முடிந்து தோட்டத்தில் கவாத்து வேலை மட்டும் மிஞ்சியிருக்கும் சித்திரை மாதத்தில், நானும் என் கணவரும் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடக்கப் போகிறோம். தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் பொறுத்து 160 முதல் 230 கிலோமீட்டர் வரை நீளும் இந்தப் பாதையின் உச்சம் 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாய். அதைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் முக்திநாத் வரும். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று சொல்லப்படும் தலம் அதுதான் என்பதால், அத்தையின் கணக்கில் இது ஒரு யாத்திரை.

கேரளத்து ஏலமலையிலுள்ள வண்டன்மேட்டில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் ஏற்றமும் இறக்கமும் புதியவை அல்ல. ஆனால் தோட்டத்துச் சரிவில் எவ்வளவு ஏறினாலும் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். வேண்டியதையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் வேறோர் ஊரில் தங்கி, மறுநாளும் அதே சுமையோடு எழுந்து நடப்பது எங்களுக்கு முதல்முறை. ஆகவே பல மாதங்களாக எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி, எதை எடுப்பது, எதை விடுவது, எதை யார் சுமப்பது என்பதாகவே இருக்கிறது.

இலகுவான மூட்டையைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி தனியாக நடப்பவருக்கு எழுதப்பட்டது. அதை அப்படியே இரண்டால் பெருக்கினால் கணவன் மனைவிக்குப் பொருந்திவிடும் என்று நினைப்பது தவறு. இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது, மெதுவாக நடப்பவரின் வேகமே இருவரின் வேகமும் ஆகிறது. முன்னால் போகிறவர் வியர்த்த உடம்போடு காற்றில் நின்று காத்திருப்பார். பின்னால் வருகிறவர் அவரைக் காக்கவைக்கிறோமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விரைவார். காற்று மெலிந்த உயரத்தில் இரண்டுமே நல்லதல்ல. ஆகவே இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் களைக்க வேண்டும் என்பதை எங்கள் விதியாக வைத்துக்கொண்டோம். மூட்டை அந்த விதிக்குக் கட்டுப்பட்டது.

என் எடை 52 கிலோ, அவருடையது 74 கிலோ. ஆளுக்கு 8 கிலோ என்று சமமாகப் பிரித்தால், அது அவருடைய உடல் எடையில் 11 சதவீதம், என்னுடையதில் 15 சதவீதத்துக்கும் மேல். அதே 16 கிலோவை உடல் எடையின் விகிதத்தில் பிரித்தால் அவருக்கு 9.4 கிலோவும் எனக்கு 6.6 கிலோவும் வரும். இருவருக்கும் 13 சதவீதத்துக்குள் நிற்கும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லைக்கு இது நன்றாகவே உள்ளே இருக்கிறது. "எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொள்கிறேன்" என்று அவர் தொடக்கத்தில் சொன்னார். அன்பான பேச்சுதான், ஆனால் அவர் சுமையால் திணற, நான் கைவீசி முன்னால் நடக்கிற காட்சியும் எங்கள் விதிக்கு முரணானதே.

புறப்படுமுன் மூட்டையோடு நடந்து பழக நினைத்தோம். காட்டு வழிகளுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் அதை அலட்சியம் செய்வதில்லை. ஆகவே பயிற்சிக்குக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச்சாலையையே தேர்ந்தெடுத்தோம். தோட்ட வேலைக்கு ஆளேற்றி வரும் ஜீப்புகள் எங்கள் அருகே நிறுத்தி, வண்டி ஏதும் பழுதா என்று விசாரித்துவிட்டுப் போயின. சம எடையோடு ஏறியபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் நின்று திரும்பிப் பார்க்க நேர்ந்தது. விகிதப்படி பிரித்த எடையோடு ஏறியபோது இருவரும் பேசிக்கொண்டே மேலே வந்தோம்.

பிரிப்பதற்கு முன் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு முன் நிறுக்க வேண்டும். காய் உலர்த்தும் எங்கள் ஸ்டோரில் உலர்ந்த ஏலக்காயை நிறுக்கும் மின்தராசு கிராம் வரை காட்டும். ஒரு மாலையில் காய்ச் சாக்கை விரித்து, அதன் மேல் இருவருடைய பொருள்களையும் பரப்பி, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் கணக்கு நோட்டில் எழுதினேன். என் ஜீன்ஸ் 640 கிராம், நைலான் கால்சட்டை 270 கிராம். அவருடைய சவரப் பையும் அதிலுள்ளவையும் 410 கிராம். குளியல் துண்டு 480 கிராம். அதற்குப் பதிலாக வைத்த தோர்த்து, அதாவது கேரளத்து மெல்லிய பருத்தித் துண்டு, 120 கிராம்தான், பிழிந்து உதறினால் சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது. வெளிநாட்டு நுண்ணிழைத் துண்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் கேரள எல்லையில் ஒரு நெசவுக் கடைக்குள் நுழைந்து பார்க்கலாம். கண்ணுக்கு அற்பமாகத் தெரிந்தவைதாம் நோட்டில் கூடிக்கூடி ஒரு கிலோவைத் தாண்டின.

உணவும் நீரும் எரிபொருளும் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களைக் கழித்து மிஞ்சுவதை அடிப்படை எடை என்பார்கள். அது ஒருவருக்கு ஏறத்தாழ 9 கிலோவுக்குள் இருந்தால் இலகு மூட்டை, 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக இலகு மூட்டை என்பது அமெரிக்க நெடும்பாதை நடையாளர்கள் பவுண்டுக் கணக்கில் வகுத்துக்கொண்ட வழக்கம். அன்னபூர்ணா பாதையில் நெடுகத் தங்கும் விடுதிகள் இருப்பதால் கூடாரம், அடுப்பு, பாத்திரம், தரைவிரிப்பு ஆகியவை எங்கள் பட்டியலில் இடம்பெறவே இல்லை. இதனால் ஒரு புதிய ஆபத்து வந்தது: பையில் இடம் மிஞ்சியிருப்பதைக் கண்டதும் அதை நிரப்ப மனம் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே பையையே சிறிதாக வாங்கினோம். எனக்கு 40 லிட்டர், அவருக்கு 50 லிட்டர்.

பை வாங்கப் போன கடையில் பெண்களுக்கானது என்று சொல்லி ஊதா நிறப் பையைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். பார்க்க வேண்டியது நிறமல்ல, முதுகின் நீளம். கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, அந்த அளவுக்குப் பையின் சட்டம் பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பொருந்தினால்தான் இடுப்புப்பட்டை இடுப்பெலும்பின் மேல் அமர்ந்து சுமையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாம் தோளில் தொங்கும். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஏழெட்டுக் கிலோவை உள்ளே வைத்துக் கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினோம். விற்பனையாளர் பொறுமையோடு இருந்தார்.

அதிகம் பணம் செலவானதும், அதிகம் யோசிக்க வைத்ததும் உள்ளே புகுந்து உறங்கும் தூக்கப்பைதான். பொங்கல் விடுமுறையில் மூணாறுக்கு அப்பால் செண்டுவாரையில் சித்தி மகள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுக்கு, போயிருந்தோம். ஜனவரியில் அங்கே புல்மேல் வெள்ளையாக உறைபனி படியும். நண்பர்களிடம் இரவல் வாங்கிய, ஒரே மாதிரியான இரண்டு பைகளில் இருவரும் திண்ணையில் படுத்தோம். பையின்மீது பெரிய எழுத்தில் 0 டிகிரி என்று போட்டிருந்தது. அவர் விடியும்வரை குறட்டை விட்டார். நான் நள்ளிரவிலிருந்து முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு விழித்திருந்தேன்.

காலையில் உள்ளே தைத்திருந்த துணிச்சீட்டைப் படித்தபோது விஷயம் விளங்கியது. சர்வதேச அளவுமுறைப்படி தூக்கப்பைக்குப் பல வெப்பநிலைகள் குறிக்கப்படுகின்றன. சுகநிலை என்பது சராசரி உடலமைப்புள்ள ஒரு பெண் இயல்பாகப் படுத்து உறங்கக்கூடிய வெப்பநிலை; கீழ்எல்லை என்பது சராசரி ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உறங்கக்கூடிய வெப்பநிலை. அதற்கும் கீழே குறித்திருப்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, உறங்குவதற்கானது அல்ல. எங்கள் பையின் சுகநிலை 5 டிகிரி. கொட்டை எழுத்தில் இருந்த 0 கீழ்எல்லை. ஆக, கணவனும் மனைவியும் ஒரே பையை இரட்டையாக வாங்குவதென்றால் பெண்ணுக்குரிய எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இல்லையெனில் இருவருக்கும் வேறுவேறு பை வாங்க வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். என் பை 1,050 கிராம், அவருடையது 780 கிராம். கூடுதலாக வந்த 270 கிராமைப் பொதுக் கணக்கில் சேர்த்து, மருந்துப் பெட்டியை என் பங்கிலிருந்து அவருக்கு மாற்றினோம்.

இருவரும் சேர்ந்து போர்த்துக்கொள்ளும் இரட்டைப் போர்வை எடையை மிச்சப்படுத்தும் என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். கூடாரத்தில் அருகருகே படுப்பவர்களுக்கு அது சரி. மலை விடுதி அறைகளிலோ பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்கள்தான்.

நாங்கள் வாங்கிய இரண்டு தூக்கப்பைகளும் இறகு அடைத்தவை. ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் இறகு எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதுதான் 650, 800 என்று போடப்படும் எண். எண் கூடக்கூட அதே வெப்பத்துக்குக் குறைந்த எடை போதும், விலையும் ஏறும். நனைந்தால் இறகு சுருண்டு வெப்பத்தை இழந்துவிடும். செயற்கை இழை நனைந்தாலும் ஓரளவு தாங்கும், ஆனால் கனம் அதிகம். நனையாமல் காக்கும் ஏற்பாடு நம்மிடம் இருந்தால் இறகையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

மழையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆடியிலும் ஆவணியிலும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் வந்து இறங்கும் பெண்கள், பிளாஸ்டிக் தாளைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாள்முழுதும் குனிந்து காய் எடுக்கிறார்கள். முன்பக்கம் திறந்திருப்பதால் வியர்வை உள்ளே தேங்குவதில்லை. விலையுயர்ந்த மழைச்சட்டைகள் தருவதாக வாக்களிக்கும் காற்றோட்டம் அதில் செலவின்றிக் கிடைக்கிறது. 1955-இல், 67 வயதில், அமெரிக்காவின் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் பாட்டி, தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றையே பயன்படுத்தினார். இருந்தும் நாங்கள் ஆளுக்கொரு மழைச்சட்டை வாங்கினோம். கணவாயில் அடிக்கும் காற்றில் திறந்த தாள் படபடத்துப் பறக்கும். அங்கே மழைச்சட்டை காற்றுத்தடுப்பாகவும் வேலை செய்யும். பிளாஸ்டிக் தாளை வீட்டில் விட மனமில்லை. பைக்குள் உறையாக விரித்து, அதற்குள் தூக்கப்பையையும் மாற்றுடையையும் வைத்து வாயை முறுக்கி மடித்துவிட்டால், பைக்கு மேலே போடும் உறையைவிட நம்பகமாக இருக்கிறது.

காலணியில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. காலில் கூடும் எடை, முதுகில் கூடும் அதே எடையைவிட நான்கு முதல் ஆறு மடங்கு உழைப்பைக் கேட்கும் என்று ராணுவத்தினரின் நடையை ஆராய்ந்தவர்கள் அளந்திருக்கிறார்கள். ஆகவே எனக்கு 560 கிராம் எடையுள்ள ஓட்டக்காலணி. கணுக்காலில் பழைய சுளுக்கு உள்ள அவர் 1,100 கிராம் எடையுள்ள பூட்ஸைத்தான் நம்புகிறார். அது அவருடைய கால் என்பதால் விட்டுவிட்டேன். கணவாயில் பனி இருந்தால் காலணியில் மாட்டும் முள்சங்கிலி தேவைப்படும். அதைக் காட்மாண்டுவில் வாங்கிக்கொள்ளலாம். கணவாயிலிருந்து முக்திநாத் வரை ஒரே மூச்சில் 1,600 மீட்டர் இறங்க வேண்டியிருப்பதால், ஊன்றுகோலை மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடியாகவே எடுக்கிறோம்.

பகிர்ந்துகொள்வதில்தான் ஜோடியாக நடப்பவர்களுக்குக் கிடைக்கும் லாபம் இருக்கிறது. பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு, நகவெட்டி, ஊசிநூல், சார்ஜர், பவர்பேங்க் எல்லாம் ஒவ்வொன்று போதும். தண்ணீர் வடிகட்டியும் ஒன்றே. அதிலுள்ள நுண்குழல்கள் ஒருமுறை உறைந்தால் விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது என்பதால், உயரத்தில் இரவு முழுவதும் அது யாராவது ஒருவருடைய தூக்கப்பைக்குள் இருக்க வேண்டும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரை அட்டை மற்றவரிடம் இருக்கும். ஆனால் தலைவிளக்கு, விசில், தண்ணீர்ப்புட்டி, கதகதப்புச் சட்டை, அன்றாட மாத்திரை, கொஞ்சம் பணம் ஆகியவற்றை ஒருபோதும் பகிரக்கூடாது. மூடுபனியில் ஒருவர் ஒரு திருப்பம் முன்னால் போய்விட்டாலும், ஒரு பை தொலைந்தாலும், மற்றவர் அன்றிரவைத் தாமாகவே சமாளிக்க வேண்டும். வடிகட்டியையும் மாத்திரையையும் ஒரே பையில் வைத்தால் இரண்டு எடுத்ததன் பொருளே போய்விடும்.

இப்போது நோட்டுக் கணக்கில், தண்ணீரும் தின்பண்டமும் நீங்கலாக, அவருடைய மூட்டை 7.3 கிலோ, என்னுடையது 5.1 கிலோ. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ கூடும். மிச்சம் கடலைமிட்டாய்க்கும் அத்தை கட்டித்தரப்போகும் பொட்டலங்களுக்கும். முடிவாகாமல் நிற்பது அவருடைய கேமரா மட்டும்தான். லென்ஸோடு சேர்த்து 920 கிராம். அதை எடுத்துக்கொண்டால் தண்ணீரோடு அவருடைய மூட்டை 9.2 கிலோவைத் தாண்டி, 9.4 கிலோவை நெருங்கிவிடும், தின்பண்டம் முழுவதும் என் பங்குக்கு வந்துவிடும். பூட்ஸை விட்டால் கேமராவுக்குச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.