கிராஞ்சித் துண்டு நிலம்: முதலில் வாட்டம், அப்புறம் வெண்டை

சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு பண்ணையின் பின்கோடியில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறோம். பண்ணைக்கார அங்கிளுக்கு மாத வாடகை கொடுத்துவிட்டால் போதும், என்ன நடுவது, எப்படி நடுவது எல்லாம் எங்கள் விருப்பம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நாலு தொட்டி வைத்து வளர்த்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நிலத்தை ஒழுங்கு பண்ணிவிட வேண்டும் என்று இந்த ஆண்டு நடுவில் வேலையைத் தொடங்கினோம். செய்தவற்றையும் செய்தபின் கண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே போன்ற இடம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

நிலம் என்றதும் பலர் விதையில்தான் தொடங்குவார்கள். நாங்கள் தண்ணீரில் தொடங்கினோம். சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறக்குறைய 170 நாள் மழை நாள். செடிக்குத் தண்ணீர் பத்தவில்லை என்ற கவலை இங்கே அபூர்வம். பெய்த தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் நிலத்தில் அது வெண்டைப் பாத்திக்கு நடுவில் நின்றது. மாலை மழை ஓய்ந்து மறுநாள் காலை போனாலும் சேறு அப்படியே கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகி, இலை மஞ்சளாகி, செடி நின்றபடியே சோர்ந்துவிடும். உரம் போட்டாலும் ஏறாது.

மண்ணைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் வண்டல். களி மட்டும் ஒன்றிரண்டு நாள் மிதந்துகொண்டே இருந்து கடைசியில் படியும். எங்கள் போத்தலில் மேலே படிந்த களி அடுக்குத்தான் மற்ற இரண்டையும்விடத் தடிமன். களிமண்ணில் மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சமாகக் கலந்தால் காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகும், பலன் தரும் அளவுக்குக் கலப்பதென்றால் லாரி லாரியாக மணல் வேண்டும். அந்த யோசனையே எங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மட்கு போடுவது, மேட்டுப்பாத்தி கட்டுவது, வடிகால் வெட்டுவது, இந்த மூன்றும்தான் வழி.

வடிகாலுக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பார்ப்பதில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இங்கே கட்டுமானத் துறையில் கொத்தனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சாப்பிட வந்தவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். “எந்தப் பக்கம் தண்ணி ஓடும்னு நினைக்கிறீங்கக்கா?” என்று கேட்டார். நான் வேலிப் பக்கத்தைக் காட்டினேன். “கண்ணால பாத்தா அப்படித்தான் தெரியும். டியூப் வச்சுப் பாத்துருவோம்” என்றார்.

டியூப் மட்டம் ஊரில் கொத்தனார்கள் எல்லாரும் அறிந்தது. உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் குழாய், நிலத்தின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஒரு முனையை வாளித் தண்ணீரில் விட்டு மறுமுனையில் உறிஞ்சி நிரப்ப வேண்டும். குழாய்க்குள் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக்கூடாது, இருந்தால் அளவு பொய் சொல்லும். இரண்டு முனைகளையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறோம். இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில் நின்றால் குழாய் சரி. பிறகு ஒருவர் இந்தக் கோடிக்கும் இன்னொருவர் அந்தக் கோடிக்கும் போகிறோம். நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இரண்டு வாயையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். அடித்து வைத்த முளைக்குச்சியோடு குழாயைச் சேர்த்துப் பிடித்து, விரலை எடுத்து, தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுத்து, நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு. இரண்டு குச்சியிலும் உள்ள கோடுகள் ஒரே மட்டம். அங்கிருந்து தரை வரை அளந்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரிந்துவிடும். எங்கள் நிலம் வேலிப் பக்கம் தாழ்வு இல்லை, அதற்கு நேரெதிரே பண்ணையின் பொதுக் கால்வாய்ப் பக்கம்தான் தாழ்வு. வேலியோரம் புல் உயரமாக வளர்ந்து கண்ணை ஏமாற்றியிருக்கிறது.

தோட்ட வடிகாலுக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் போதும். எங்கள் நீளம் 12 மீட்டர், ஆகவே ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் 12 சென்டிமீட்டர் இறக்கம். நூல் கட்டி அந்த இறக்கத்தைக் காட்டிவிட்டு வெட்டத் தொடங்கினோம். தாழ்ந்த முனையில் தொடங்கி மேட்டை நோக்கி வெட்டிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் நடுவில் மழை வந்தாலும் வெட்டிய பகுதி தானே வடிந்துவிடும். சிங்கப்பூர் மழை நேரம் பார்த்து வருவதில்லை, ஆகவே இது சின்ன விஷயமில்லை. கரையைச் செங்குத்தாக விடாமல் இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டினோம்.

கால்வாயில் சேரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஓடைகளின் தண்ணீர் போய்ச் சேருவது கிராஞ்சி நீர்த்தேக்கத்தில். 1975இல் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை அணைகட்டி அடைத்து உருவாக்கியது அது, நாம் குடிக்கும் தண்ணீருக்கான தேக்கம். நம் பாத்தி மண்ணும் உரமும் அங்கே போய்ச் சேரக்கூடாது. மண் படிய ஒரு குழி வெட்டலாம்தான், ஆனால் குழியில் தண்ணீர் நிற்கும், கொசு வரும். ஆகவே கடைசி மூன்று மீட்டரில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசை கட்டி நட்டோம். வேர் ஆழமாக இறங்கிக் கரையைப் பிடித்துக்கொள்ளும், அடர்ந்த தண்டு மண்ணை வடிகட்டும். இப்போது கனமழைக்குப் பிறகு கால்வாயில் இறங்கும் தண்ணீர் முன்பைப் போலக் காவி நிறமாக இல்லை. பூச்சிக்கும் வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர் தவிர வேறு எதுவும் அடிப்பதில்லை என்று மூன்று குடும்பமும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

வெட்டி எடுத்த மண்ணையே பாத்திக்கு ஏற்றினோம். உயரம் 30 சென்டிமீட்டர். ஓரம் கட்டப் பலகை வேண்டும். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகள், அறைகலன் பட்டறைகள் நிறைய, கேட்டால் பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கொடுப்பார்கள். பேலட்டில் முத்திரை பார்த்து எடுக்க வேண்டும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, தோட்டத்துக்கு எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, இலவசமாகக் கிடைத்தாலும் காய்கறிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. முத்திரையே இல்லாததையும் நாங்கள் எடுக்கவில்லை. கரையான் தொல்லைக்குப் பலகையை நேராக மண்ணில் வைக்காமல் செங்கல் வரிசைமேல் ஏற்றி வைத்தோம். திருகாணிக்கு நாகமுலாம் பூசியதே வேண்டும், சாதாரண ஆணி இந்த ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடித்து உதிரும்.

மழை அடித்து அடித்து இங்குள்ள மண்ணில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய்விடுகிறது, மண் புளிப்பு. சோதனைத் தாளில் பார்த்தபோது எங்கள் மண்ணின் pH (அமில அளவு) 5க்குப் பக்கத்தில் காட்டியது. டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக் கல் தூள்) தூவிக் கிளறி மூன்று வாரம் ஆறவிட்டு, அதன்பிறகே கோழி எரு. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவில் உள்ள தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கைப் பிடித்துக்கொண்டு காசைப் பறக்கவிட்ட கதையாகிவிடும். மட்குக்கு உதிர்ந்த காய்ந்த இலை, சமையலறைக் கழிவு, பக்கத்துக் காப்பிக் கடையில் வாங்கி வந்த காப்பித்தூள் சக்கை.

அடுத்தது மழைநீர்ப் பீப்பாய். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், 200 லிட்டர். நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல் எடை, ஆகவே அடியில் மண்ணை இறுக இடித்து, கான்கிரீட் கட்டை அடுக்கி, அதற்கும் மட்டம் பார்த்து வைத்தோம். குழாய் பொருத்தும்போது உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் போட வேண்டும். மரைமேல் வெள்ளை டேப்பைத் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருகக் கழன்று வந்துவிடும்.

கொசு விஷயத்தில் இங்கே விளையாட முடியாது. ஏடிஸ் கொசுவுக்கு இருபது காசு அகலத் தண்ணீர் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதன் முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது. வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது என்பது அதனால்தான், விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பீப்பாய் வாய்க்கும், நிரம்பி வழியும் குழாய்க்கும் நுண்வலை கட்டியிருக்கிறோம். வாழை மட்டையின் இடுக்கு, கவிழ்த்து வைத்த பலகையின் குழிவு, இறுகிப்போன தொட்டி மண்ணின் மேல்பரப்பு, இவற்றிலும் தண்ணீர் நிற்கும். தேசியச் சுற்றுப்புற வாரியம் இறுகிய மண்ணைக் கிளறிவிடச் சொல்வது இந்தக் காரணத்துக்குத்தான். மேட்டுப்பாத்தி வந்தபிறகு தேங்கும் இடங்களே குறைந்துவிட்டன. வாட்டத்தை முதலில் பார்த்ததன் பலன் இங்கேயும் தெரிகிறது.

கருவிகளை மாமா பார்த்துக்கொள்கிறார். செம்பவாங் கம்பத்தில் (கிராமத்தில்) வளர்ந்தவர், மண்வெட்டிக்குக் காம்பு போடுவதை அவரிடம் பார்க்க வேண்டும். பழைய காம்பை அடித்துக் கழற்றி, புதுக் கட்டையின் முனையைப் பாராங் கத்தியால் சீவிச் சீவி மண்வெட்டியின் கண்ணுக்குள் (காம்பு நுழையும் துளைக்குள்) விட்டுப் பார்ப்பார். உரசிக் கறுத்த இடம் எதுவோ அதை மட்டும் மறுபடி சீவுவார். முழுக்க உட்கார்ந்ததும் ஆப்பு. கூர் தீட்டும்போது அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும், திரும்பும்போது தூக்கிக்கொள்ள வேண்டும், இழுத்தால் அரத்தின் பல் மழுங்கும். காம்புக்கு ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் காயாமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே குப்பை.

பெரிய ஓட்டு நத்தைகளை அதிகாலையில் கையுறை போட்டுப் பொறுக்குகிறோம். மனிதருக்கு மூளைச்சவ்வு அழற்சி தரும் ஒட்டுண்ணிப் புழு அவற்றில் இருக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளைத் தொட விடுவதில்லை, கீரையையும் நன்றாகக் கழுவாமல் வீட்டுக்குள் எடுப்பதில்லை. பாகற்காய்க்குப் பழ ஈ. பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பை கட்டிவிட்டால் காய் தப்பிவிடுகிறது.

இப்போதைய நிலை: கொட்டும் மழை நின்று ஒரு மணி நேரத்தில் பாத்திக்கு நடுவே நடக்க முடிகிறது. வெண்டை கரும்பச்சையாக நிற்கிறது, காராமணி பந்தலைப் பிடித்துவிட்டது. பலகையோரப் பாத்தியில் கறிவேப்பிலை புதுத் துளிர் விட்டிருக்கிறது, அதில் சாற்றுப் பூச்சி வராமல் வாரா வாரம் இலையைத் திருப்பிப் பார்க்கிறோம். கத்தரிப் பாத்தியின் கீழ்க்கோடி மட்டும் இன்னும் ஈரம் கக்குகிறது. அங்கே மறுபடி டியூப் பிடித்து, பக்க வடிகால் ஒன்று இழுத்து முதன்மை வடிகாலோடு சேர்க்க வேண்டும். டிசம்பர் மழைக்குள் அதை முடித்துவிட்டு, பந்தல் கால்களுக்குக் குறுக்குக் கட்டை அடிப்போம்.