காலி வேகன் எங்கே போகும்?

மதுரையில் ரயில் ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு நீராவி எஞ்சினில் தொடங்கி பாம்பன் பாலத்தில் போய் நிற்கும். அந்த எஞ்சின் இழுத்துச் சென்ற சரக்கு வேகன்களைப் பற்றிப் பேச்சு எழுவது அபூர்வம். ஆனால் ரயில்வேக்கு வருமானம் தந்தது பெரும்பாலும் அந்த வேகன்கள்தான். 1950-களில் கூட்ஸ் கிளார்க்காக வேலை பார்த்த என் பெரியப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: "சரக்கை ஏத்துறது பெரிய வேலை இல்லப்பா. இறக்கினதுக்கு அப்புறம் அந்த வேகன் எங்க போகணுங்கிறதுதான் வேலையே." சரக்கு வேகன்களை வகைப்படுத்தி எழுத்துக்குறி இட்டதும், அவற்றுக்கு வகுத்த விதிகளும் கடைசியில் இந்த ஒரே கேள்விக்கு விடை சொல்லத்தான் ஏற்பட்டன என்பது, இந்த விஷயத்தைப் பல காலமாகத் தேடிப் படித்து வருகிற எனக்கும் உறுதியாகத் தெரிகிறது.

நம் நாட்டு வேகன் ஒன்றின் பக்கவாட்டைப் பார்த்தால் அதன் ஜாதகமே அங்கு எழுதியிருக்கும். எந்த ரயில்வேயைச் சேர்ந்தது, அதன் எண் என்ன, காலியாக இருக்கும்போது எவ்வளவு எடை, எவ்வளவு சுமை தாங்கும், பணிமனையில் கடைசியாக எப்போது முழுப் பராமரிப்பு நடந்தது என்பவற்றோடு ஓரிரு எழுத்துகளில் அதன் வகையும் இருக்கும். சி என்றால் மூடு வேகன். கே என்றால் மேல்பக்கம் திறந்தது. டி என்றால் டேங்க். முன்னால் பி இருந்தால் நான்கு சக்கர வண்டி அல்ல, போகி எனப்படும் நான்கு சக்கரச் சட்டம் இரண்டு வைத்த எட்டுச் சக்கர வண்டி. அதற்கும் முன்னால் எம் இருந்தால் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் உள்ள பாதையில் ஓடுவது. எனவே எம்.பி.சி. என்று எழுதியிருந்தால் மீட்டர் கேஜில் ஓடும் போகி வைத்த மூடு வேகன் என்பது யார்டில் வேலை பார்க்கும் கடைசி ஆளுக்கும் தெரியும்.

அமெரிக்காவில் இதே வேலை இன்னும் நுணுக்கமாக நடந்தது. 1934-இல் உருவான அமெரிக்க ரயில்வேக்கள் சங்கம் வைத்திருந்த முறைப்படி எக்ஸ் என்பது மூடிய பெட்டி வேகன், ஹெச் அடியில் திறந்து கொட்டும் ஹாப்பர், ஜி பக்கச் சுவர் மட்டும் உள்ள திறந்த வேகன், எஃப் வெறும் தட்டு வேகன், ஆர் குளிர்ப்பெட்டி, எஸ் கால்நடை வேகன், டி டேங்க். இரண்டாவது எழுத்து அதன் உட்பிரிவைச் சொல்லும். எக்ஸ்.எம். என்றால் பொதுப் பயன்பாட்டுக்கான சாதாரணப் பெட்டி வேகன், எக்ஸ்.ஏ. என்றால் மோட்டார் கார் ஏற்றுவதற்கு ஏற்ற பெட்டி, ஹெச்.எம். என்றால் அடியில் இரண்டு வாய் உள்ள ஹாப்பர், ஹெச்.டி. என்றால் மூன்றோ அதற்கு மேலோ. நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் வேகன்கள் கலந்து ஓடிய நாட்டில், எங்கோ ஒரு சிறு ஊர் ஸ்டேஷன் ஏஜெண்ட் தந்தியிலோ தொலைபேசியிலோ கேட்கும்போது அவருக்கு என்ன வேண்டும் என்பது இரண்டு எழுத்தில் முடிந்துவிட வேண்டும் அல்லவா? ஒவ்வொரு கம்பெனியிடமும் உள்ள வேகன்களின் எண் வரிசை, வகை, உள் அளவு, கொள்ளளவு எல்லாம் அடங்கிய தடித்த பதிவேடும் அவ்வப்போது புதுப்பித்து அச்சிடப்பட்டு வந்தது.

இவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்தச் சாதாரண எக்ஸ்.எம். வேகன்தான். நாற்பது அடி நீளம், சுமார் 50 டன் கொள்ளளவு, பக்கத்துக்கு ஒரு தள்ளு கதவு. மாவு மூட்டை, மரப்பலகை, காகித உருளை, டப்பா உணவு, ஆணிப் பீப்பாய், துணி என எதை வேண்டுமானாலும் அதில் ஏற்றினார்கள். கோதுமையைக்கூட மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி அனுப்பினார்கள். கதவைத் திறந்தால் தானியம் வெளியே சரியும் என்பதால், கதவு வழியின் உட்புறத்தில் கீழிருந்து நெஞ்சு உயரத்துக்கு மேல் வரை பலகைகளை வரிசையாக ஆணியடித்து அடைப்பார்கள். பிறகு அந்தப் பலகைக்கு மேலே இருக்கும் இடைவெளி வழியாகக் குழாயை நுழைத்துக் கோதுமையை இரு பக்கமும் பாய்ச்சுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பலகையை நெம்பிப் பெயர்த்தால் பாதி தானாகக் கொட்டும், மீதியை மண்வெட்டியால் வாரித் தள்ள வேண்டும்.

ஆனால் எல்லா எக்ஸ்.எம். வேகனும் ஒன்றல்ல. எழுத்துக்குறிக்கு உள்ளேயே இன்னொரு தரப் பிரிப்பு இருந்தது; அதைத் தீர்மானித்தது வேகனை நேரில் பார்த்த பரிசோதகரின் கண்ணும் மூக்கும். கூரை ஒழுகாமல், தரை சுத்தமாக, ஆணி துருத்தாமல் இருந்தால் மாவுக்கும் உணவுப் பொருளுக்கும் தருவார்கள். சற்றுக் குறைந்தால் தானியத்துக்கு. அதற்கும் கீழே போனால் கரடுமுரடான சரக்குக்கு. ஒருமுறை பச்சைத்தோல் ஏற்றிய வேகனுக்கு நாற்றமும் கறையும் ஒட்டிவிடுவதால், பிறகு அது தோலுக்கே என்று ஒதுங்கிவிடும். நம் பக்கத்திலும் நிலைமை இதுதான். மண்டபத்தில் கருவாடு ஏற்றி வந்த மூடு வேகனில் போடி ஏலக்காயை ஏற்றினால் அந்த ஏலக்காயை யார் வாங்குவார்? தூத்துக்குடி உப்பு ஏற்றிய வேகனின் தரைத்தகடும் மூலைகளும் அரித்துப் போகும் என்பதால், அடுத்து அரிசி மூட்டை ஏற்றுமுன் உள்ளே ஏறிப் பார்க்காத கூட்ஸ் கிளார்க் நல்ல கிளார்க் அல்ல.

இனி விதிகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் வேகன் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் தாராளமாக ஓடும். எல்லாம் ஒரே கேஜ், ஒரே வகை இணைப்பு. அப்படி வந்த அந்நிய வேகனை வைத்திருக்கும் கம்பெனி, நாளொன்றுக்கு இவ்வளவு என்று சொந்தக்காரருக்கு வாடகை கட்ட வேண்டும். நள்ளிரவில் வேகன் யார் கையில் இருக்கிறதோ அந்த நாளின் வாடகை அவர் தலையில். ஆகவே அந்நிய வேகன்களைப் பன்னிரண்டு மணிக்குள் அடுத்த கம்பெனியிடம் தள்ளிவிட வேண்டும் என்று இணைப்பு யார்டுகளில் மாலையிலிருந்தே அவசரம் பிடிக்கும். வாடகை தவிர வேறொரு விதியும் இருந்தது: அந்நிய வேகனை இறக்கியபின், அதன் சொந்த ஊர் இருக்கும் திசைக்குப் போகும் சரக்கையே அதில் ஏற்ற வேண்டும், அப்படிச் சரக்கு இல்லாவிட்டால் காலியாகவாவது திருப்பி அனுப்ப வேண்டும்.

விதி நல்ல விதிதான், ஆனால் தட்டுப்பாட்டுக் காலத்தில் அதை யாரும் முழுமையாக மதிக்கவில்லை. கோதுமை அறுவடையானதும் மேற்கு மாநிலங்களில் பெட்டி வேகனுக்கு அடித்துக்கொள்வார்கள். அதே வேளையில் அந்த மேற்குக் கம்பெனிகளின் வேகன்கள் கிழக்கே தொழிற்சாலை நகரங்களில் பிறர் சரக்கை ஏற்றிக்கொண்டு திரியும். புது வேகன் வாங்குவதைவிட அடுத்தவர் வேகனுக்கு வாடகை கட்டுவது மலிவாக இருந்தால் யார்தான் திருப்பி அனுப்புவார்கள் என்பது மேற்குக் கம்பெனிகளின் நீண்ட நாள் குறை, அதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இத்தகைய நேரங்களில் குறிப்பிட்ட வகை வேகனைக் குறிப்பிட்ட திசைக்குக் காலியாக அனுப்பு என்று கட்டளையிடும் அதிகாரம் அங்கிருந்த மாநிலங்களிடை வணிக ஆணையத்துக்கு இருந்தது.

சிறப்பு வகை வேகன்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நிலக்கரி ஹாப்பர் காலியானதும் பெரும்பாலும் சுரங்கத்துக்கே திரும்பும். டேங்க் வேகன்கள் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளுக்குச் சொந்தமாகி எண்ணெய்க் கம்பெனிகளிடம் குத்தகையில் இருந்தன. பழம் ஏற்றும் குளிர்ப்பெட்டிகளில் இரு முனையிலும் பனிக்கட்டி அறைகள் இருக்கும், வழியில் நிறுத்தி நிறுத்தி மேலே உள்ள மூடி வழியாகப் பனிக்கட்டி நிரப்புவார்கள். கால்நடை வேகனுக்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது: 28 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அடைத்து வைக்கக் கூடாது, இறக்கித் தண்ணீரும் தீனியும் ஓய்வும் தர வேண்டும்.

மதுரைக்கு வருவோம். 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி தென்னிந்திய ரயில்வேயும் மெட்ராஸ் - தெற்கு மராட்டா ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் இணைந்து தெற்கு ரயில்வே ஆன பிறகு, யாருடைய வேகன் என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராமல் இருந்தது கேஜ். அமெரிக்க வேகனுக்கு எல்லை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. மதுரை வேகனுக்கு எல்லை தண்டவாளத்திலேயே இருந்தது. 1000 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் வண்டி, 1676 மில்லிமீட்டர் பாதையில் ஓர் அங்குலமும் நகராது. மதுரையிலிருந்து வடக்கே போகும் வேகன் விழுப்புரம், காட்பாடி, குண்டக்கல் என்று சுற்றி ஹுப்ளி வரை மீட்டர் கேஜிலேயே போய்விடலாம். ஆனால் ஈரோட்டுக்கு ஒரு மூட்டை போக வேண்டுமென்றால் திருச்சியில் வண்டி மாற வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் போத்தனூரில் மாற வேண்டும்.

அந்த மாற்றத்தைப் பெரியப்பா திருச்சியில் பார்த்து விவரித்திருக்கிறார். ஒரு நீண்ட மேடையின் இந்தப் பக்கம் அகலப் பாதை வேகன், அந்தப் பக்கம் மீட்டர் கேஜ் வேகன். இரண்டின் கதவும் நேருக்கு நேர் வரும்படி நிறுத்த வேண்டும். வேகன்களை நகர்த்தி நிறுத்தும் ஷண்டிங் சற்றுத் தவறினால் சுமை தூக்குபவர்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் பத்தடி கூடுதலாக நடக்க வேண்டும். ஒருவர் நடுவில் நின்று மூட்டைகளை எண்ணிக் குறிப்பார். பெரிய வேகனின் சுமை சிறிய வேகன் ஒன்றில் அடங்காது என்பதால் மீதி மூட்டைகள் எப்போதும் மேடையில் தங்கும். அவற்றுக்காக இன்னொரு வேகன் வர வேண்டும், அது வரும்வரை கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியதைக் கூட்டி அள்ளித் தனியாகக் கட்டிவைக்க வேண்டும். மூடு வேகன் சரக்குக்கு மூடு வேகன்தான் வேண்டும். வகை எழுத்து இங்கேதான் உயிர் பெற்றது: அந்தப் பக்கம் சி வந்து நிற்கிறது, இந்தப் பக்கம் கே மட்டும்தான் காலியாக இருக்கிறது என்றால் அன்று வேலை இல்லை, இரண்டு வேகனும் சும்மா நிற்கும்.

மீட்டர் கேஜ் பக்கம் மூடு வேகனுக்கு இருந்த போட்டியைச் சொல்லி முடியாது. கோடையில் கரிசல் காட்டுப் பருத்தி விருதுநகருக்கும் மதுரை ஆலைகளுக்கும் வரும் வேளையில்தான் தூத்துக்குடி உப்பளங்களிலும் உற்பத்தி ஏறும். சிவகாசித் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மூடு வேகன், அதுவும் அபாயகரமான சரக்கு என்ற லேபிளோடும் எஞ்சினிலிருந்து தள்ளி வைக்க வேண்டிய கட்டுப்பாட்டோடும் வேண்டும். 1928-இல் திறந்து, போர்க்காலத்தில் தண்டவாளம் பிடுங்கப்பட்டு, 1950-களில் மறுபடி உயிர்பெற்ற போடி லைனிலிருந்து காப்பியும் ஏலக்காயும் இறங்கும். யாருக்கு முதலில் தருவது? வியாபாரி இண்டெண்ட் எனப்படும் வேகன் கேட்பு மனு கொடுத்து, பதிவுக் கட்டணம் கட்டி, வரிசையில் காத்திருப்பார். அரசாங்கம் அறிவித்த முன்னுரிமைப்படி ராணுவச் சரக்கும் உணவு தானியமும் வரிசையைத் தாண்டிப் போகும்.

வேகன் கிடைத்து ஏற்றி முடித்ததும் கதவை மூடிக் கொண்டியை மாட்டி, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி, ஸ்டேஷன் பெயர் பதிந்த முத்திரையைப் போடுவார்கள். பக்கத்தில் உள்ள சட்டத்தில் லேபிளைச் செருகுவார்கள்: எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு, என்ன தேதி. மழையில் அந்த லேபிள் கரைந்துவிட்டால் வேகன் ஊர் தெரியாத அநாதையாகிவிடும் என்பதால், உட்புறமும் ஒன்று ஒட்டுவது வழக்கம். கையில் வியாபாரிக்குக் கிடைப்பது ஆர்.ஆர். எனப்படும் ரயில்வே ரசீது. அதை அவர் பாங்கு மூலம் அனுப்ப, வாங்குபவர் பணம் கட்டி ரசீதைப் பெற்று, கூட்ஸ் ஷெட்டில் காட்டிச் சரக்கை எடுப்பார். ரசீது வருமுன் வேகன் வந்துவிடும் நாட்களும் உண்டு. இலவச நேரம் கடந்ததும் வேகனை நிறுத்தி வைத்ததற்கு டெமரேஜ், இறக்கிய சரக்கு ஷெட்டில் கிடந்ததற்கு வார்ஃபேஜ். வியாபாரிகள் அதைத் தண்டனையாகப் பார்த்தார்கள். ஆனால் ஒரு வேகன் ஒருநாள் நின்றால் வேறெங்கோ ஒரு வியாபாரியின் பருத்தி ஒருநாள் மழையில் நனையும். நான் ரயில்வே பக்கமே நிற்பேன்.

தினமும் காலையில் ஒவ்வொரு ஸ்டேஷனும், வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கண்ட்ரோல் அலுவலகத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்: சரக்கோடு எத்தனை, காலி எத்தனை, இறக்கக் காத்திருப்பது எத்தனை, பழுதான வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் சிக் லைனில் எத்தனை. கணக்கு நான்கு சக்கர அலகில்தான். போகி வேகன் ஒன்றை இரண்டாக எண்ணுவார்கள். 1956-இல் மதுரைக் கோட்டம் அமைந்த பிறகு இந்தக் கணக்கு மதுரையிலேயே கூடியது. எந்தக் காலியை எந்த ஊருக்கு என்று கண்ட்ரோலில் இருப்பவர் சொல்லும் முடிவில்தான் அன்றைக்கு யாருக்குச் சரக்குப் போகும் என்பது இருந்தது.

இன்று மதுரையில் சரக்கு ஏற்றி இறக்கும் கூடல் நகருக்கு வருவது முழு ரேக்காக, அதாவது ஒரு முழு வண்டித் தொடராக, ஒரே வகை வேகனாக, ஒரே சரக்காக வருகிறது. ஒரு வேகன், அரை வேகன் என்று சரக்குப் போட்டுக்கொண்டிருந்த சிறு வியாபாரி லாரிக்கு மாறிப் பல காலம் ஆகிறது. அந்தப் பழைய முறை இந்தப் பக்கத்தில் எப்படி நடந்தது என்பதற்கான சான்று ரயில்வேயிடம் இருப்பதைவிடக் கீழமாசி வீதி மளிகை மண்டிகளிலும், விருதுநகர் வத்தல், பருத்திக் கடைகளிலும் உள்ள பழைய பேரேடுகளுக்கு நடுவில்தான் அதிகம் இருக்கக்கூடும். ஆர்.ஆர்., டெமரேஜ் ரசீது, இண்டெண்ட் நகல் என்று எது கிடைத்தாலும் எடைக்குப் போடாமல், வேகன் எண்ணும் தேதியும் தெரியும்படி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த வகை வேகன், எந்தப் பருவத்தில், எந்த ஊருக்குப் போனது என்று ஒரு பட்டியல் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.